பரபரப்பு ஆவணப்படங்கள்: பார்ப்பதற்கு முன்பும் பகிர்வதற்கு முன்பும்

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் மானாவாரி பூமி. மழை பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரியும். நிதி ஆயோக் 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டில் விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் இடம்பெற்றன. இந்த மண்ணின் பிள்ளைகள் படிப்புக்கும் பிழைப்புக்கும் மதுரை, கோவை, திருப்பூர், சென்னை என்று போவதும், அங்கிருந்து வளைகுடா போவதும் தவிர்க்க முடியாதது.

பிள்ளை போகிற நகரத்தை ஊரில் இருக்கும் பெற்றோர் நேரில் பார்ப்பது அபூர்வம். கைப்பேசியில் பார்ப்பதே அதிகம். அங்கே வந்து விழுவது என்ன? இரவு விடுதி, மதுபானக் கூடம், விடுதி அறை, முகம் மறைத்த பெண், கனத்த குரலில் ஒரு விவரிப்பு, "நகரத்து இளைஞர்களின் இன்னொரு முகம்" என்று ஒரு தலைப்பு. அரை மணி நேரம் பார்த்து முடித்ததும் "காலம் கெட்டுப் போச்சு" என்ற பெருமூச்சு வருகிறது. அடுத்து, "நம்ம பிள்ளையை அங்கே அனுப்பணுமா?" என்ற கேள்வியும் வருகிறது. ஒரு பெண் பிள்ளையின் கல்லூரிப் படிப்பு அந்த ஒரு கேள்வியில் நின்றுபோக முடியும்.

ஆகவே, ஆவணப்படம் என்ற பெயரில் வரும் இந்தப் பரபரப்புப் படங்கள் எங்கிருந்து வந்தன, எப்படித் தயாராகின்றன, அவற்றால் யாருக்கு என்ன நேர்ந்தது, நாம் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

எது ஆவணப்படம்?

ஆவணப்படம் என்றால் சான்று உள்ள படம். எந்த ஊர், எந்த நாள், யார், எத்தனை பேர், பொறுப்பானவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' அதற்குத் தமிழில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பார்த்தவர் மனம் பதறும். ஆனால் அந்தப் பதற்றம் இசையால் வந்ததல்ல. இறந்தவர்கள், அவர்களின் குடும்பங்கள், வேலை நடக்கும் இடங்கள் எல்லாம் கண் முன்னால் இருப்பதால் வந்தது. படம் முடிந்ததும் யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும்.

பரபரப்புப் படம் இதற்கு நேர்மாறு. அது ஒரு தலைமுறையையே, ஒரு நகரத்தையே, ஒரு சமுதாயத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும். யார், எத்தனை பேர் என்று கேட்டால் பதில் இருக்காது. ஒழுக்கக் கேட்டைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டே அதை அங்குலம் அங்குலமாகக் காட்டிக் காசாக்கும்.

அறுபது ஆண்டு வியாபாரம்

இது யூடியூப் கண்டுபிடித்ததல்ல. 1962இல் இத்தாலியில் 'மோண்டோ கானே' என்ற படம் வெளிவந்தது. உலகின் வினோதப் பழக்கங்களையும் அதிர்ச்சிக் காட்சிகளையும் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி, உண்மையோடு ஜோடனையையும் கலந்த அந்தப் படம் பல நாடுகளில் வசூலைக் குவித்தது. உடனே அதே பாணியில் டஜன் கணக்கில் படங்கள் வந்தன. அவற்றில் ஒன்று சுவீடன் நாட்டின் ஒழுக்க நிலையைக் 'காட்டுவதாக' 1968இல் இத்தாலியர்கள் எடுத்த படம். இன்று அந்தப் படத்தை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அதற்காகப் பியரோ உமிலியானி அமைத்த 'மா நா மா நா' என்ற பாட்டுதான் நிலைத்தது. பின்னாளில் குழந்தைகளுக்கான பொம்மை நிகழ்ச்சிகளில் ஒலித்து உலகமெங்கும் பரவியது. ஒரு நாட்டின் ஒழுக்கத்தையே விசாரிக்கக் கிளம்பிய படத்தில் மிஞ்சியது ஒரு விளையாட்டுப் பாட்டு!

மோண்டோ கானேவை எடுத்தவர்களே 1966இல் 'ஆஃப்ரிக்கா அட்டியோ' எடுத்தார்கள். 1964 சான்சிபார் புரட்சியில் கொல்லப்பட்ட அரபு முஸ்லிம்களின் உடல்களை வானிலிருந்து எடுத்த காட்சிகள் அதில் உண்டு. அதே படத்தின் மரண தண்டனைக் காட்சி ஒன்று கேமராவுக்காகவே ஏற்பாடு செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்து, இயக்குநர் ஜாகோபெட்டி இத்தாலியில் விசாரணையைச் சந்தித்தார், பின்னர் விடுவிக்கப்பட்டார். நீதிமன்றம் விடுவித்தாலும், கண்டத்தையே காட்டுமிராண்டிகளின் பூமியாகச் சித்தரித்த படம் என்ற கண்டனம் அதை விட்டு விலகவில்லை.

பத்திரிகைகளும் இதில் சளைத்தவை அல்ல. 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் 'மாட்ஸ்', 'ராக்கர்ஸ்' என்ற இரு இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டன. ஊரே சூறையாடப்பட்டதுபோல நாளேடுகள் எழுதின. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் பிறகு விசாரித்துப் பார்த்தபோது, குளிரிலும் மழையிலும் பொழுதுபோகாத பையன்களின் தள்ளுமுள்ளுதான் பெரும்பகுதி என்று தெரிந்தது. மொத்தச் சேதம் சில நூறு பவுன். 1972இல் அவர் எழுதிய நூலுக்குப் பிறகுதான் இத்தகைய 'ஒழுக்கப் பீதி' தனி ஆய்வுப் பொருளானது. அவர் சுட்டிய ஒன்று நமக்கு மிக முக்கியம்: மிகைப்படுத்திய செய்தியைப் படித்தே அடுத்த விடுமுறைக்கு மேலும் பல இளைஞர்கள் கடற்கரைக்குப் போனார்கள். தடுப்பதாகச் சொன்ன செய்தியே விளம்பரமாகிப்போனது.

2005: சென்னையில் ஒரு பீதி

நம் மாநிலத்திலும் அப்படி ஒரு காலம் வந்தது. 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் மாணவர்களுக்கு உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜீன்சும் டி-சர்ட்டும் மாநில அளவில் விவாதப் பொருளாயின. அதே ஆண்டில் சென்னை நட்சத்திர ஓட்டல் ஒன்றின் நடனக் கூடத்தில் எடுத்த இளைஞர்களின் படங்கள் நாளேட்டில் வெளிவந்தன. காவல்துறை ஓட்டல் மீது நடவடிக்கை எடுத்தது. படத்தில் இருந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை.

அதே செப்டம்பரில் இந்தியா டுடே இதழ் பெருநகரங்களில் பாலியல் பழக்கங்கள் பற்றிய கருத்துக்கணிப்பை வெளியிட்டது. அதையொட்டி நடிகை குஷ்பு சொன்ன கருத்து மாநிலத்தையே கொந்தளிக்க வைத்தது. பல ஊர்களில் அவர் மீது 23 குற்றப் புகார்கள் போடப்பட்டன. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. அவர் கருத்தில் நமக்கு உடன்பாடு இல்லை. திருமணத்துக்கு வெளியே உறவு கூடாது என்பது நம் மார்க்கத்தின் தெளிவான நிலை. ஆனால் கவனியுங்கள்: அந்தக் கணிப்பு எத்தனை பேரிடம் எடுத்தது, எந்தெந்த ஊரில் எடுத்தது, அதை வைத்து மொத்த இளைஞர்களையும் எடை போடலாமா என்ற கேள்விகள் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போயின. நகரத்துப் பெண்கள் எல்லாருமே இப்படித்தான் என்ற எண்ணம் மட்டும் ஊர்களில் தங்கிவிட்டது.

ஒரு பொய், ஒரு ஆசிரியை

2007 ஆகஸ்ட் 30 அன்று டெல்லியில் ஒரு செய்தித் தொலைக்காட்சி ரகசியக் கேமராக் காட்சியை ஒளிபரப்பியது. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளைத் தவறான தொழிலுக்கு அனுப்புகிறார் என்பது செய்தி. பள்ளி முன் கூட்டம் திரண்டது. ஆசிரியையை அடித்தார்கள், உடையைக் கிழித்தார்கள். வேலையும் போனது.

பிறகு போலீஸ் விசாரணையில், காட்சியில் 'மாணவி'யாக வந்தவர் மாணவியே அல்ல, பத்திரிகைத் துறையில் நுழைய முயன்ற ஒரு பெண் என்று தெரிந்தது. செய்தி ஜோடிக்கப்பட்டது. நிருபர் கைதானார். மத்திய அரசு அந்தத் தொலைக்காட்சியை ஒரு மாதம் நிறுத்திவைத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்து, ரகசியக் கேமராச் செய்திகளுக்கு நெறிமுறைகள் வேண்டும் என்றது. எல்லாம் சரி. அந்தக் கூட்டத்தில் கை ஓங்கியவர்கள் யார்? தங்களை நல்லவர்களாக நினைத்துக்கொண்ட, தங்கள் பெண் பிள்ளைகளுக்காகப் பதறிய சாதாரண மக்கள்தான்.

2011 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் டிவி9 தெலுங்குத் தொலைக்காட்சி, அந்நகரில் ஓரினச்சேர்க்கைக் கலாச்சாரம் பரவுகிறது என்று ஒரு நிகழ்ச்சி செய்தது. இணையதளம் ஒன்றில் பழக்கம் தேடியவர்களிடம் ரகசியமாகப் பேச்சுக் கொடுத்து, அந்தரங்க உரையாடலையும் அடையாளத்தையும் ஊர் அறிய ஒளிபரப்பியது. செய்தி ஒளிபரப்பாளர்களின் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, மன்னிப்பை ஒளிபரப்பும்படியும் உத்தரவிட்டது. ஒருவரின் செயலை நாம் பாவம் என்று கருதலாம். அதற்காக அவர் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே பார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. பிறர் குறையைத் துருவித் துருவி ஆராயாதே என்பதும் (அல்குர்ஆன் 49:12), மானக்கேடான விஷயம் பரவுவதை விரும்பாதே என்பதும் (24:19) நமக்கு வந்த எச்சரிக்கைகள். அடுத்தவர் விஷயத்தில் அவற்றை மறந்துவிட்டு நம் விஷயத்தில் மட்டும் நினைவுகூர முடியாது.

அதே கேமரா நம் பக்கம் திரும்பியபோது

நம் சமுதாயத்துக்கு இது புதிதல்ல. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸை வைத்து, கொரோனாவைப் பரப்பியதே முஸ்லிம்கள் என்று இரவு பகலாக ஓட்டினார்கள். ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்துக்கு வந்திருந்த வெளிநாட்டவர் 29 பேர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதையும், ஊடகங்களில் நடந்த பெரும் பிரச்சாரத்தையும் அது கண்டித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, குடிமைப்பணித் தேர்வில் முஸ்லிம் இளைஞர்கள் 'ஊடுருவுவதாக' சுதர்சன் டிவி ஒளிபரப்பிவந்த தொடரை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இரவு பகலாகப் படித்துத் தேர்வு எழுதும் நம் பிள்ளைகளைத்தான் அந்தத் தொடர் சதிகாரர்களாகக் காட்டியது.

2023 மே மாதம் வெளிவந்த 'தி கேரளா ஸ்டோரி' கதைப்படம்தான். ஆனால் உண்மைக் கதை என்று சொல்லி விற்கப்பட்டது. முன்னோட்டத்தில் 32,000 பெண்கள் என்றார்கள். கேள்வி எழுந்ததும் முன்னோட்டக் குறிப்பில் அது மூன்று பெண்கள் என்று மாறியது. 32,000 என்ற எண்ணுக்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று படத்திலேயே அறிவிப்புப் போட உச்ச நீதிமன்றத்தில் ஏற்பாடானது. அதற்குள் அந்த எண் எத்தனை கோடிப் பேர் காதுக்குப் போயிருக்கும்?

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "நகரத்துப் பெண்கள் கெட்டுவிட்டார்கள்" என்று சொல்லும் படமும் "முஸ்லிம் இளைஞர்கள் ஆபத்தானவர்கள்" என்று சொல்லும் படமும் ஒரே பட்டறையில் வார்த்தவை. இருட்டு, இசை, முகமூடி, எண்ணில்லாத 'பலர்' என எல்லாமே ஒன்றுதான். முதல் படத்தை ஆதாரம் கேட்காமல் நம்பிப் பகிர்ந்தவர், இரண்டாவது படத்துக்கு ஆதாரம் கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறார். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை (49:6) நமக்கு எதிரான செய்திக்கு மட்டும் உரியதல்ல.

அருப்புக்கோட்டையும் பொள்ளாச்சியும் சொல்வது

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அது நகரத்தில் மட்டும் இல்லை. 2018 ஏப்ரலில் நம் அருப்புக்கோட்டையிலேயே, கல்லூரி மாணவிகளைத் தவறான பாதைக்கு அழைத்ததாக ஓர் உதவிப் பேராசிரியையின் ஒலிப்பதிவு வெளியானது. தொலைக்காட்சிகள் அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. அரசியலும் கிசுகிசுவும் பெருகின. ஆனால் ஒரு விஷயம் போதிய அளவு பேசப்படவில்லை: அந்த மாணவிகள் மறுத்தார்கள். சிறு ஊர்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் அந்த ஆசை வார்த்தைகளுக்கு மசியவில்லை. வழக்கு சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போய், 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறைத்தண்டனை விதித்தது. "கல்லூரிக்கு அனுப்பினால் இப்படித்தான்" என்ற பாடத்தை இதிலிருந்து எடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு அநீதி செய்தார்கள். எதிர்த்து நிற்கும் தைரியம் அவர்களுக்கு இருந்தது என்பதே இதன் பாடம்.

2019இல் பொள்ளாச்சிக் கொடுமை வெளிவந்தபோது, ஒரு பெண் கதறும் காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி ஓடியது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளமே வெளியில் வந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பு பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியத்தில் நின்றது. அனுதாபத்தோடு அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்களும் அந்தப் பெண்ணை இன்னொரு முறை காயப்படுத்தினார்கள் என்பதே உண்மை.

பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

1. எங்கே, எப்போது எடுத்தது? ஊரும் நாளும் இல்லாத காட்சி எந்த நாட்டுக் காட்சியாகவும் இருக்கலாம்.

2. எத்தனை பேர்? "பெருகிவருகிறது" என்றால் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு? எண் சொன்னால், அதை எண்ணியது யார்?

3. முகம் மறைத்துப் பேசுபவர் யார் என்று படம் எடுத்தவருக்காவது தெரியுமா? டெல்லி 'மாணவி'யை நினைவில் வையுங்கள்.

4. படத்தில் இருப்பவர்கள் சம்மதித்தார்களா? குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் இருக்கிறதா?

5. தலைப்பில் கேள்விக்குறி ஏன்? "சீரழிகிறார்களா?" என்று கேட்டுவிட்டு, சான்று காட்டும் பொறுப்பிலிருந்து தப்பிவிடுவது பழைய தந்திரம்.

6. ஒலியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். இசையும் குரலும் போனபின் என்ன மிஞ்சுகிறது? பெரும்பாலும் தெருவில் நடந்துபோகும் நாலு பிள்ளைகள்.

7. படம் யாரைக் கேள்வி கேட்கச் சொல்கிறது? போதைப்பொருள் விற்பவனையா, பாதுகாப்புத் தராத நிர்வாகத்தையா, அல்லது ஜீன்ஸ் போட்ட பெண்ணையா?

புகார் செய்யும் வழிகள்

தொலைக்காட்சி நிகழ்ச்சி என்றால், 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நிகழ்ச்சி நெறிமுறைகள் உள்ளன. 2021இல் வந்த விதிகளின்படி முதலில் அந்தத் தொலைக்காட்சியிடமே எழுத்தில் புகார் செய்ய வேண்டும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலும், 15 நாட்களில் முடிவும் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கும், அதன்பின் மத்திய அரசுக்கும் போகலாம். நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுவது நல்லது. புகாரால் பயன் உண்டு. 2018இல் பொதுநல வழக்கு ஒன்றில், குடும்பச் சண்டைகளைக் காட்சிப்பொருளாக்கிய 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சிக்கே மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது.

யூடியூப், முகநூல் போன்ற தளங்கள் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் வைத்திருக்க வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதி. அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமே. குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டம் 23ஆம் பிரிவு ஊடகங்களைத் தனியாகவே தடுக்கிறது. சைபர் குற்றங்களுக்கு 1930, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்களை வீட்டில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

பெற்றோருக்கு

படம் பார்த்துப் பயந்து பிள்ளையின் படிப்பை நிறுத்தினால் இழப்பு நமக்குத்தான். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22இல் இந்தியா முழுவதும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இந்த ஓட்டத்தில் நம் பிள்ளைகள் பின்தங்கக் கூடாது. 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், ஆண் பிள்ளைகளுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் அதே தொகை கிடைக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் 'தோழி' விடுதிகள் உள்ளன. பயத்தால் இவற்றை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது.

பயத்துக்குப் பதில் விசாரிப்பு வேண்டும். விடுதியை நேரில் போய்ப் பாருங்கள். காப்பாளரின் எண்ணை வாங்குங்கள். கல்லூரியில் உள் புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஊரில் இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவரை, பள்ளிவாசல் ஜமாஅத்தை அறிமுகப்படுத்திவிடுங்கள். ஆண் பிள்ளை என்றால் கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. போதையும் இணையச் சூதாட்டமும் கடன் செயலிகளும் பெரும்பாலும் அவர்களைத்தான் குறிவைக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை தன் தொல்லையை வாய் திறந்து சொல்லும் இடமாக வீடு இருக்க வேண்டும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று காணொளியைப் பார்த்து நாம் திட்டுவதைப் பக்கத்து அறையில் இருக்கும் மகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நாளை அவளுக்கு ஒருவன் தொல்லை கொடுத்தால், அத்தாவிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார் என்று நினைத்து அவள் மௌனமாகிவிடக் கூடாது. பொள்ளாச்சியில் குற்றவாளிகள் நம்பியிருந்தது பெண்களின் அந்த மௌனத்தைத்தான்.

அடுத்த முறை அப்படி ஒரு காணொளி வந்தால் பகிரும் பொத்தானைத் தொடாமல் பிள்ளைக்குப் போன் போடுங்கள். "சாப்பிட்டியாமா, காலேஜ் எப்படிப் போகுது?" என்று கேளுங்கள். நகரத்தைப் பற்றி அந்தப் படத்தைவிட நம்பகமான செய்தி உங்கள் பிள்ளையிடம் இருக்கிறது. வல்ல இறைவன் நம் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக!